ஊமைப்படத்துக்கு மேடையில் நேரடி வாசிப்பு: படமும் இசையும் பிசகாமல் போக என்ன வழி?

தந்திக்கூட்டம்:
வணக்கம். பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) படத்தைத் திரையிட்டு, அதற்குப் புதிதாக எழுதிய இசையை மேடையிலேயே வாசிக்கத் திட்டம். சுமார் 45 நிமிடம், இடைவேளை கிடையாது. மொத்தம் 16 பேர்: வயலின் 6, வயோலா 2, செல்லோ 2, டபுள் பாஸ் 1, புல்லாங்குழல், கிளாரினெட், ட்ரம்பெட், பியானோ, டிரம்ஸ். அரங்கில் 400 இருக்கை.

எல்லோர் காதிலும் கிளிக் (வேகத்தைக் காட்டும் 'டிக் டிக்' ஒலி) போக வேண்டுமா, கையசைத்து நடத்தும் கண்டக்டருக்கு மட்டும் போதுமா? பில்லியர்ட்ஸ், மோட்டார் சைக்கிள் காட்சிகளில் இசையின் அடி (படத்தில் நடப்பதோடு சேர்ந்து விழும் அழுத்தம்) சரியான இடத்தில் விழ எப்படி எழுதுவது? ஸ்டாண்டு விளக்கு திரையைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்யலாம்? அடுத்து ஒரு பேசும் படத்தையும் எடுக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. அதில் என்னவெல்லாம் மாறும்?

ஃபிரேம்24:
ஒரு நோட்டு எழுதுவதற்கு முன்னால் படத்தின் ஃபைலை முடிவு செய்யுங்கள். இந்தப் படத்துக்குப் பல பிரதிகள் உண்டு. ஊமைப்படம் ஓடும் வேகம் ஒவ்வொரு பிரதியிலும் வேறு, எழுத்து அட்டைகள் திரையில் நிற்கும் நேரமும் வேறு. ஒன்றைப் பார்த்து எழுதிவிட்டு இன்னொன்றை ஓட்டினால் மொத்த உழைப்பும் வீண். 24 ஃபிரேமில் 45 நிமிடம் ஓடும் படத்தை 25-இல் ஓட்டினால் 43 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடும். அது உடனே கண்ணில் படும். 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம்தான் ஆபத்து, ஏனென்றால் தொடக்கத்தில் தெரியவே தெரியாது, கடைசிக் காட்சியில் 2.7 விநாடி தள்ளி நிற்கும். இணையத்தில் இறக்கிய ஃபைல்களில் ஃபிரேம் வேகமே இடையிடையே மாறும். எடிட்டரில் போட்டு, மாறாத வேகத்தில் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங் வீடியோ வடிவத்துக்கு மாற்றி, மூலையில் டைம்கோட் (மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண்) பதித்து, இசையமைப்பவர், கண்டக்டர், ஓட்டுபவர் மூவருக்கும் அந்த ஒரே ஃபைலைக் கொடுங்கள்.

அடுத்தது கணக்கு. 24 ஃபிரேமில் நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம். டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம்) 120 என்றால் ஒரு பீட்டுக்கு 12 ஃபிரேம். ஒரு உதாரணம்: இசை 1:20-இல் தொடங்குகிறது, அடி விழ வேண்டிய இடம் 1 நிமிடம் 47 விநாடி 12-ஆம் ஃபிரேம். இடையில் 27.5 விநாடி, அதாவது 120-இல் சரியாக 55 பீட். 4/4-இல், அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நாலு பீட் என்று எழுதினால் அடி 14-ஆவது பாரின் நாலாவது பீட்டில் போய் விழும். அதை 15-ஆவது பாரின் முதல் பீட்டுக்குக் கொண்டுவர இரண்டு வழி. டெம்போவை 122.18 ஆக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இல்லையென்றால் நடுவில் ஒரே ஒரு பாரை 3/4 ஆக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் மெட்டில் டெம்போவைத் தொடுங்கள், பேச்சு மாதிரி போகும் இடத்தில் பாரை வெட்டுங்கள். நேர்மாறாகச் செய்தால் கேட்பவர் காலில் இடறும்.

கண்டக்டருக்கு ஸ்ட்ரீமர், பஞ்ச் இரண்டும் வேண்டும். ஸ்ட்ரீமர் என்பது கண்டக்டர் முன்னால் இருக்கும் மானிட்டரின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நகரும் செங்குத்துக் கோடு. அது வலது ஓரத்தைத் தொட்டதும் ஒரு வெள்ளை வட்டம் மின்னும், அதுதான் பஞ்ச். ஃபிலிம் காலத்தில் கோட்டைப் படச்சுருளிலேயே சுரண்டி, பஞ்ச் வர வேண்டிய ஃபிரேமில் ஓட்டை போட்டார்கள். ஹாலிவுட் இசையமைப்பாளர் ஆல்ஃபிரட் நியூமன் பெயரால் அதை நியூமன் முறை என்பார்கள். 35 மி.மீ. சுருளில் 3 அடி நீளம் என்பது 48 ஃபிரேம், 2 விநாடி. இன்றைக்கும் அந்த 2 விநாடியே பொது அளவு. மெதுவான பகுதிக்கு 3 விநாடி வைக்கலாம். டிஜிட்டல் பெர்ஃபார்மர் என்ற இசை மென்பொருளில் இது உள்ளேயே இருக்கிறது. இல்லாதவர்கள் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு மெல்லிய கோட்டை 48 ஃபிரேமில் நகர்த்தி, முடிவில் 2 ஃபிரேமுக்கு வட்டம் வைத்தால் போதும். தொடக்கத்துக்குப் பச்சை, இடை அடிகளுக்கு மஞ்சள், முடிவுக்குச் சிவப்பு என்று வைத்தால் அதையே படம் முழுக்க வையுங்கள். பார் எண்ணையும் மானிட்டரில் பெரிதாகப் போடுங்கள். கண்டக்டர் வழி தவறினால் அவரைக் காப்பாற்றுவது அந்த எண்தான்.

எதை அடிப்பது என்பதில் என் கருத்து ஒன்று. கீட்டன் கனவில் சினிமாத் திரைக்குள் நுழைந்ததும் தோட்டம், தெரு, மலை விளிம்பு, சிங்கங்கள், பாலைவனம், கடல், பனி என்று பின்னணி மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு அடி வைக்கத் தோன்றும். வேண்டாம். இடம் மாறினாலும் ஆள் அசைவு அறுபடாமல் தொடர்வதில்தான் அந்தக் காட்சியின் அழகே இருக்கிறது. இசையும் ஒரே கோடாகப் போகட்டும். பில்லியர்ட்ஸில் வெடிகுண்டு வைத்த 13-ஆம் பந்தை ஒவ்வொரு முறையும் பந்துகள் தொடாமல் போகும். அங்கே அடி தேவையில்லை, அடி விழ வேண்டிய இடத்தில் ஓய்வு எழுதுங்கள். சிரிப்பு வருவதற்கு இடம் வேண்டும்.

பின்வரிசை வயோலா:
கிளிக் பற்றி. 16 பேருக்கும் காதில் கிளிக் கொடுக்காதீர்கள். தந்திக் கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டுத்தான் சுதி சேர்க்கிறார்கள். ஒரு காதை அடைத்தால் ஒலி பிளந்துவிடும். கண்டக்டர், டிரம்ஸ், பியானோ மூவருக்கு மட்டும், அதுவும் மோட்டார் சைக்கிள் துரத்தல் போன்ற நிலையான வேகப் பகுதிகளுக்கு மட்டும் போதும். மற்ற இடங்களில் கண்டக்டர் ஸ்ட்ரீமரை நம்பிச் சுதந்திரமாக நடத்தட்டும்.

மூடிய வகை ஹெட்போன், ஒரு காது மட்டும். கிளிக் ஒலி கட்டையான மரத்தட்டு மாதிரி இருக்கட்டும், கூர்மையான 'பீப்' மெல்லிய இடத்தில் வெளியே கசியும். இசை நின்று கண்டக்டர் மட்டும் காத்திருக்கும் நேரத்தில் கிளிக்கையும் நிறுத்திவிடுங்கள். அடுத்த பகுதிக்கு முன் இரண்டு பார் எண்ணிக்கை கொடுத்தால் போதும்.

பார்ட் தாள், அதாவது ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியதை மட்டும் எழுதிய தாள்தான் பலரும் கோட்டை விடும் இடம். 45 நிமிடம் படம் யாருக்காகவும் நிற்காது. பக்கம் புரட்ட ஓய்வு கிடைக்கும் இடத்தில்தான் பக்கம் முடிய வேண்டும், அப்படி அமையாவிட்டால் மூன்று பக்கத்தை ஒட்டி விரித்து வையுங்கள். ட்ரம்பெட்டுக்குத் தொடர்ந்து 4 நிமிடத்துக்கு மேல் எழுதாதீர்கள், கடைசித் துரத்தலுக்கு உதட்டில் வலு இருக்காது. 'மானிட்டரைப் பார்', 'கார் நிற்கிறது' மாதிரி இரண்டு சொல் குறிப்புகளைப் பார்ட்டிலேயே அச்சிடுங்கள். ஆனால் வாசிப்பவர்கள் தலை திருப்பிப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள். அரங்கம் சிரிக்கும்போது திரும்பிப் பார்க்கத் தோன்றும், அங்கேதான் பார் தவறும்.

திரைவெளிச்சம்:
வெளிச்சக் கணக்கு முதலில். இந்தப் படம் 4:3. திரையில் படம் 4.8 மீட்டருக்கு 3.6 மீட்டர் என்றால் பரப்பு 17.3 சதுர மீட்டர். திரையரங்கத் தரமான சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா வெளிச்சத்துக்குச் சுமார் 2,600 லூமன் வேண்டும். 16:9 புரொஜெக்டரில் 4:3 படம் முக்கால் பங்கைத்தான் பயன்படுத்தும் என்பதால் 3,500 ஆகிவிடும். மேடையில் 16 விளக்கு எரியும்போது கறுப்பு சாம்பலாகும். 6,000 லூமனுக்குக் குறைவாக எடுக்காதீர்கள்.

ஸ்டாண்டு விளக்குகள் மஞ்சள் சாயல், மூடி வைத்தவை, வெளிச்சம் கூட்டிக் குறைக்கக்கூடியவை. திரையில் ஏறும் வெளிச்சத்தில் பெரும்பகுதி விளக்கிலிருந்து நேரே வருவதல்ல, வெள்ளைத் தாளில் பட்டுத் தெறிப்பது. வெளிர் மஞ்சள் தாளில் அச்சிடுங்கள். திரையின் அடி விளிம்பு மேடைத் தளத்திலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் டபுள் பாஸ் தலை படத்தை மறைக்காது. எல்லோருக்கும் கறுப்பு உடை. கண்டக்டர் கைக்கு மட்டும் மேலிருந்து ஒரு குறுகிய விளக்கு.

தாமதத்தை அளக்காமல் விடாதீர்கள். புரொஜெக்டர் படத்தை 1 முதல் 3 ஃபிரேம் வரை தாமதமாகக் காட்டலாம், கண்டக்டர் முன்னால் இருக்கும் டிவி வேறு அளவில் தாமதிக்கும். 2 விநாடிக்கு ஒரு முறை வெள்ளை மின்னும் கிளிப் ஒன்றை ஓட்டி, இரண்டு திரையும் ஒரே சட்டத்தில் தெரிய ஃபோனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். ஃபோனின் ஒரு ஃபிரேம் 4.2 மில்லிவிநாடி, எண்ணினால் விடை வந்துவிடும். டிவியை கேம் மோடில் வைத்து, மிச்ச வித்தியாசத்துக்கு மானிட்டர் படத்தைத் தள்ளிக்கொள்ளலாம். ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலே உறுத்தத் தொடங்கும், பிந்தினால் 125 வரை பலருக்குத் தெரியாது. கடைசி வரிசை 25 மீட்டர் தள்ளி என்றால் இசை அங்கே போய்ச் சேரவே 73 மில்லிவிநாடி. ஆகவே சந்தேகம் வந்தால் பிந்துவது நல்லது, முந்துவது கூடாது.

ரீரெக்கார்டிங் ரசிகன்:
பேசும் படம் வேறு வேலை. வசனம், ஓசை, இசை மூன்றும் தனித்தனி டிராக்காக இருந்தால்தான் இசையை மட்டும் எடுத்துவிட்டு மேடையில் வாசிக்க முடியும். பழைய படங்களில் எல்லாம் ஒரே டிராக்கில் கலந்திருக்கும். மென்பொருளால் பிரித்தால் வசனத்தின் வாலில் வயலின் ஒட்டிக்கொண்டு வரும். மேடையில் அதே வயலின் வாசிக்கும்போது இரண்டும் மோதும். வசனத்தின் மேல் 60 பேர் வாசித்தால் பேச்சு கேட்காது, அதனால்தான் இத்தகைய நிகழ்ச்சிகளில் படம் எந்த மொழியானாலும் அடியில் எழுத்து ஓடவிடுகிறார்கள்.

நம் நாட்டுப் படம் என்றால் பாட்டு இருக்கிறதே, அதுதான் முக்கியச் சிக்கல். குரலும் உதட்டசைவும் ஃபைலில் உறைந்திருக்கும், கண்டக்டருக்குச் சுதந்திரமே இல்லை. அங்கே கிளிக் கட்டாயம். கிளிக் இல்லாமல் நேராகப் பதிவான பழைய பாடல்களில் வேகம் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். ஒவ்வொரு பீட்டையும் தட்டித் தட்டி டெம்போ வரைபடம் எடுத்த பிறகுதான் அந்தக் கிளிக்கே உருவாகும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 2019-இல் 'பாகுபலி', 2025-இல் 'ஆர்ஆர்ஆர்' நேரடி இசையோடு நடந்தன. பாட்டு உள்ள படத்தையும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அவை சான்று.

'ஈ.டி.' படத்தின் கடைசிப் பகுதியையும் கவனியுங்கள். பதிவின்போது ஜான் வில்லியம்ஸ் படத்தைப் பார்க்காமல் இசையை அதன் போக்கில் நடத்த விட்டு, ஸ்பீல்பெர்க் பிறகு படத்தை அதற்கேற்ப வெட்டினார். மேடையில் அது தலைகீழாகிறது. அன்று தானாக வந்த ஏற்ற இறக்கத்தை இன்றைய கண்டக்டர் ஃபிரேம் பிசகாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

உரிமை பற்றி ஒரு சொல். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. 1924 படத்துக்கு அது எப்போதோ முடிந்தது. ஆனால் டிஸ்க்குகளில் சேர்த்திருக்கும் புதிய இசைக்குத் தனி உரிமை உண்டு, அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். சாப்ளின் படங்களில் இது இன்னும் கவனம்: 'கோல்ட் ரஷ்' 1925, அவர் அதற்குச் சேர்த்த இசை 1942. அவர் இறந்தது 1977, இசையின் உரிமை 2037 முடிய இருக்கிறது.

தந்திக்கூட்டம்:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. ஓட்டும் லேப்டாப் நடுவில் நின்றுபோனால்?

ஃபிரேம்24:
கிளிக்கையும் படத்தையும் தனித்தனியாக ஓட்டாதீர்கள். கிளிக்கைப் படத்தின் ஒலி டிராக்கிலேயே வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாக நிற்கும், ஒன்றாகக் கிளம்பும். அந்த சேனல் அரங்க ஸ்பீக்கருக்குப் போகவில்லை என்று ஆட்கள் உள்ளே வருவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படம் உறைந்தால் வாசிக்க எட்டு பார் கொண்ட சுற்று ஒன்று எல்லோர் பார்ட்டிலும் கடைசித் தாளில் இருக்கட்டும், கண்டக்டர் இடது கை முஷ்டியை உயர்த்தினால் அதற்குப் போக வேண்டும். ஸ்கோரின் ஒவ்வொரு ஒத்திகை எழுத்துக்கும் (பகுதிகளைக் குறிக்கும் ஏ, பி, சி) நேரான டைம்கோடை, 4 விநாடி முன்னோட்டத்தோடு ஓட்டுபவர் கையில் அட்டவணையாகக் கொடுங்கள். ஒத்திகையில் 'டி-யிலிருந்து' என்றால் ஐந்து விநாடியில் படம் அங்கே இருக்க வேண்டும். அதே அட்டவணையால்தான் நிகழ்ச்சியன்று உறைந்த இடத்துக்கு அடுத்த எழுத்திலிருந்து மீண்டும் கிளம்ப முடியும். இரண்டாவது லேப்டாப்பில் அதே ஃபைலைத் திறந்து தயாராக வையுங்கள். இரண்டுக்கும் மின்சாரம் யூபிஎஸ் வழியாக, ஸ்டாண்டு விளக்குகளுக்குத் தனி லைன்.