கிரைண்டர் அடிக்கல்லை எபாக்சி வைத்து ஒட்டினேன், ஆறு நாளாகியும் பிசுபிசுக்கிறது. உதவுங்கள்

மாவுக்கரண்டி:
எங்கள் வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. 2 லிட்டர். கொஞ்ச நாளாகவே கழுவிக் கவிழ்த்தால் டிரம்மின் அடிக்கல்லுக்குக் கீழிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது, புளித்த நாற்றமும் அடித்தது. போன சனிக்கிழமை கல்லை அசைத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது.

பழைய பசையைக் கத்தியால் சுரண்டி, நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, அன்று மாலையே ஒட்டினேன். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய இரண்டு டப்பா எபாக்சிதான், ஒன்றில் பசை (ரெசின்), இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். 24 மணி நேரம் என்று போட்டிருந்தது. இன்று ஆறாவது நாள், ஓரத்தில் நகம் வைத்தால் பதிகிறது. ஒரு மாதிரி மீன் வாடையும் வருகிறது. மேலே இன்னும் கொஞ்சம் ஹார்டனர் தடவட்டுமா? வெயிலில் வைத்தால் சரியாகுமா? இதில் மாவு அரைத்தால் ஏதாவது ஆகுமா?

பழைய லேத்:
முதலில் அதில் மாவு அரைக்காதீங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. எவ்வளவுக்கு எவ்வளவு கலந்தீங்க? பிசுபிசுப்பு மேலே மட்டும் எண்ணெய்ப் படலம் மாதிரி இருக்கா, இல்லை உள்ளேயும் மெத்துனு இருக்கா? மழைக்காலத்துல சில எபாக்சி மேல ஈரக்காத்து பட்டு வழவழனு ஒரு படலம் கட்டும். சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சா அது போயிடும், அடியில கல்லு மாதிரி இருக்கும். அதுவா இருந்தா கவலையே இல்லை.

மாவுக்கரண்டி:
சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன் அண்ணா. போகவில்லை, நகம் உள்ளே வரை இறங்குகிறது. அளவு கண்ணால் பார்த்ததுதான். ஒரு பங்கு பசைக்கு ஒன்றரைப் பங்கு ஹார்டனர் இருக்கும்.

பழைய லேத்:
அப்போ அது இனி இறுகாதுங்க. வெயிலில் வைத்தாலும் ஆகாது, மேலே தடவினாலும் ஆகாது.

ஹார்டனர் என்ற பேர்தான் எல்லாரையும் ஏமாத்துது. ஃபைபர் வேலைக்கு வாங்குற பாலியஸ்டர் ரெசின்ல சில சொட்டு விடுவாங்க, கொஞ்சம் கூடினா வேகமா இறுகும். அந்தப் பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டு வரக்கூடாது. இதுல ஹார்டனரும் ஒட்டுப் பொருளில் பாதி. ரெசினோட ஒவ்வொரு கண்ணியும் ஹார்டனரோட கைகோர்த்துத்தான் வலை பின்னுது. ஹார்டனர் அதிகமானா கைகோர்க்க ஆளில்லாம மிச்சம் அப்படியே உள்ளே கிடக்கும். உங்களுக்கு வர்ற மீன் வாடை அதுதான். ரெசின் அதிகமானாலும் இதே கதைதான்.

எவ்வளவுக்கு எவ்வளவு, அது ஸ்பூன் அளவா எடையான்னு டப்பாவைப் படிச்சே கலக்கணும். அரால்டைட் ஸ்டாண்டர்டு 180 கிராம் பேக்கைப் பாருங்க, ரெசின் 100 கிராம், ஹார்டனர் 80 கிராம். ஹார்டனர் லேசானது, அதனால ஸ்பூன் கணக்குல சமம், தராசுல 100க்கு 80. வேற பிராண்டுன்னா வேற கணக்கு. நகை எடை பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

இன்னொரு தப்பும் நடந்திருக்கு. கழுவின அன்னைக்கே ஒட்டினீங்களே, கருங்கல்லோட நுண்துளையில ஈரம் இருக்கும். துடைச்சா போகாது, ரெண்டு மூணு நாள் நல்ல வெயில் வேணும்.

கீழவாசல்:
கழற்றுவதற்கு உளி, சுத்தியல் எடுக்காதீங்க அக்கா. டிரம் நெளிஞ்சா அப்புறம் சுத்தும்போது ஆடும். நல்லாக் கொதிக்கிற தண்ணியை ஊத்தி அரை மணி விடுங்க. அறைச் சூட்டில் இறுகுற எபாக்சி அந்தச் சூட்டில் இளகிடும், உங்களுது முழுசா இறுகவும் இல்லை. மரக்கட்டையால் நெம்பினால் வந்துடும். இதே காரணத்தால்தான், சரியா ஒட்டின பிறகும் டிரம்மில் கொதிதண்ணி ஊத்திக் கழுவக்கூடாது.

கையுறை கட்டாயம். நான் மீன் தொட்டி, விமான மாடல் என்று வருஷக்கணக்கா வெறுங்கையால் கலந்தவன். இப்போ ஹார்டனர் வாடை பட்டாலே விரல் இடுக்கெல்லாம் தடிச்சு அரிக்குது. அந்த ஒவ்வாமை ஒருதரம் வந்தா லேசில் விடாது. கையில் பட்டுட்டா தின்னர் போட்டுத் தேய்க்காதீங்க, அது தோலுக்குள்ளே இன்னும் இழுத்துட்டுப் போகும். சோப்பும் தண்ணியும் போதும்.

காட்டுப்புறா:
இடையில் ஒரு சந்தேகம். என் பிளாஸ்டிக் குடத்தில் விரிசல். இதே எபாக்சி போட்டேன், இறுகியது, ஆனால் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

பழைய லேத்:
குடம், வாளி, மாடியில் இருக்கிற தண்ணித் தொட்டி எல்லாம் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகை. அதுல எபாக்சி பிடிக்காது, உப்புத்தாள் போட்டாலும் நிக்காது. அதே பிளாஸ்டிக்கை உருக்கி வெல்டு வைக்கணும்.

கிரைண்டருக்கு வர்றேன். டிரம்மோட ஸ்டீலை 80ஆம் நம்பர் எமரி பேப்பரால் பளபளப்பு போற வரைக்கும் தேயுங்க, கல்லின் அடிப்பக்கத்தையும். அசிட்டோன் நனைச்ச வெள்ளைத் துணியால் துடைங்க, துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும். அதுக்கப்புறம் விரல் படக்கூடாது. நடுக்குழாயைச் சுத்தி செல்லோடேப் ஒட்டுங்க, பசை அதுக்குள்ள போனா டிரம் ஷாஃப்டில் உட்காராது. கலவையை டப்பா ஓரத்தையும் வழிச்சு வழிச்சு மூணு நிமிஷமாவது கலக்கணும். கலந்ததும் குவியலா விட்டு வைக்காதீங்க, தானே சூடேறிச் சீக்கிரம் இறுகிடும். அஞ்சு நிமிஷ எபாக்சி இந்த வேலைக்கு வேண்டாம், எந்நேரமும் ஈரம் படுற இடத்துக்கு அது தாங்காது.

ஆனா பசை மட்டும் மாத்துங்க. கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் மாவு தினமும் படும். உணவு படும் இடத்துக்கு ஏற்றதுன்னு பேக்கில் எழுதியிருக்கிறதா வாங்குங்க. கிடைக்கலைன்னா கிரைண்டர் சர்வீஸ் கடையில் கொடுத்துடுங்க. காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லைங்க.

மாவுக்கரண்டி:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி.

கொதிநீர் இரண்டு தடவை ஊற்றியதும் கல் வந்துவிட்டது. அடியில் நடுப்பகுதி முழுக்க வெல்லப்பாகு மாதிரிதான் இருந்தது. கல்லை மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தேன். உணவுக்கு ஏற்றது என்று எழுதிய பேக் உள்ளூரில் கிடைக்கவில்லை, தெரிந்தவர் மூலம் கோவையிலிருந்து வரவழைத்தேன். தராசில் நிறுத்துக் கலந்தேன். கல்லை வைத்து, மேலே அம்மிக்குழவியைப் பாரத்துக்கு வைத்து, ஓரத்தில் பிதுங்கியதை உடனே துடைத்தேன். கலந்ததில் ஒரு துளியை டப்பா மூடியில் தனியாக விட்டு வைத்தேன், அதை வைத்துத்தான் தினமும் நகம் பதித்துப் பார்த்தேன். மறுநாளே கல்லாகிவிட்டது, இருந்தாலும் முழுப் பலத்துக்கு ஏழு நாள் விட்டேன்.

நேற்று இரவு டிரம் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். காலையில் கொட்டிவிட்டுச் சாய்த்துப் பிடித்தேன், அடியிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. வாடையும் இல்லை. இரண்டு தடவை பழைய அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, இப்போது உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.