மாத்திரையை நினைவூட்டும் குறுஞ்செய்தி: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதைச் சிரமமாக்கும் குறைபாடு) உள்ள என் தம்பிக்கு மருத்துவர் மெத்தில்பெனிடேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்து நன்றாகவே உதவுகிறது. வேளை தவறாமல் எடுப்பதுதான் சிரமம். கவனத்தைச் சீராக்கும் மாத்திரையைச் சாப்பிடுவதற்கே அந்தக் கவனம் வேண்டியிருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

கைப்பேசி அலாரத்தை அணைத்த நொடியே அவன் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. அதனால் குறுஞ்செய்தியை முயல நினைக்கிறோம். 'சாப்பிட்டேன்' என்று பதில் அனுப்பும்வரை திரும்பத் திரும்ப வரும் செய்தி யாருக்காவது பலன் தந்ததா? ஒரே வாசகம் தினமும் வந்தால் நாளடைவில் கண்ணில் படாமலே போய்விடும் என்று அஞ்சுகிறேன். நீங்கள் வாசகத்தை மாற்றிக்கொண்டே இருந்தீர்களா? நானே அனுப்புவது நல்லதா, தானியங்கிச் சேவையா? அக்கா கண்காணிக்கிறாள் என்று அவன் உணரக் கூடாது, வளர்ந்த மனிதன்.

தாமதமாக எடுத்தால் இரவுத் தூக்கம் கெடக்கூடும் என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு நினைவூட்டல் தானாக நின்றுவிடவும் வேண்டும். தவறிய வேளைக்கு என்ன செய்வது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்வோம். அலுவலகத்தில் பிறர் பார்த்தாலும் மருந்து என்று புரியாதபடி செய்தியை எப்படி எழுதினீர்கள் என்றும் சொல்லுங்கள்.