கற்பிட்டில டொல்பின் பாக்க போட்ல போறது அதுங்களுக்கு தொந்தரவா?

ஹட்டன் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் லீவுக்கு எங்க தோட்டத்துல நாலு குடும்பம் சேந்து வேன் ஹயர் பண்ணி கற்பிட்டி போறோம், புள்ளைங்களுக்கு டொல்பின் காட்டணும். நேத்து ஒருத்தர் போன வருஷம் எடுத்த வீடியோ காட்டினாரு, பத்து பன்னெண்டு போட் ஒரே கூட்டத்த சுத்தி வளைச்சு வெரட்டுது, ஆளுங்க விசில் அடிக்கிறாங்க, பாத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. மக வேற "அம்மா, அது பயந்து ஓடுதா, வெளையாடுதா"ன்னு கேக்குறா. என்ன சொல்றது?

நுவரெலியா டீச்சர்:
அக்கா, கற்பிட்டில கூட்டமா தெரியுறது பெரும்பாலும் ஸ்பின்னர் டொல்பின். அது ராத்திரிலதான் வேட்டையாடும், ஆழத்துலேர்ந்து மேல வர்ற சின்ன மீன், கணவா எல்லாம் திங்கும், பகல்லதான் ரெஸ்ட். எங்கப்பா ஃபெக்டரில நைட் ஷிப்ட், காலைல வந்து லயத்துல படுத்தாருன்னா அம்மா எங்கள வாசல்ல கூட வெளையாட விட மாட்டாங்க, பக்கத்து காம்பராவுல ரேடியோ சத்தமா பாடுனா போயி சொல்லிட்டு வருவாங்க. நாம காலைல போட்ல போயி பாக்குறது அந்த மாதிரி படுக்க வந்த கூட்டத்ததான். மூச்சு விட மேல வரணும்ங்கறதால டொல்பின் மூளைல பாதி பாதியாத்தான் தூங்கும், நீந்திக்கிட்டே இருக்கும், அதனால தூங்குதுன்னே நமக்கு தெரியாது. நெருக்கமா சேந்து, குதிக்காம, மெதுவா ஒன்னா முங்கி ஒன்னா எந்திரிச்சா ரெஸ்ட்ல இருக்குன்னு அர்த்தம். அதுக்கு வழி தெரியுறதும் ஒன்னையொன்னு கூப்பிடுறதும் சத்தத்த வச்சுத்தான், அந்த எடத்துல பத்து என்ஜின் ஒன்னா கத்துனா எப்பிடி இருக்கும்? ஹவாயில இதே ஸ்பின்னருக்காக 2021ல சட்டமே போட்டாங்க, கரையோரக் கடல்ல டொல்பின்லேர்ந்து சுமார் 45 மீட்டருக்குள்ள போட்டும் போகக்கூடாது, நீந்தியும் போகக்கூடாது.

பண்டாரவளை தம்பி:
டீச்சர், நான் போனப்போ அதுங்களா ஓடி வந்து போட் மூக்குக்கு முன்னால நீந்துச்சுங்க. புடிக்கலன்னா ஏன் வரணும்?

மஸ்கெலியா அண்ணன்:
தம்பி சொல்றதும் பொய்யில்ல, நான் ரெண்டு சீசன் அந்தப் பக்கம் ஹோட்டல்ல வேல செஞ்சு நெறைய தடவ போட்ல போயிருக்கேன். முன்னால வந்து வெளையாடுறது கொஞ்சம்தான், மத்தது தள்ளி நிக்கும். ஒரு நாள் குட்டியோட ஒன்னு பாத்தேன், குட்டி தாய் வயித்தோட ஒட்டிக்கிட்டே வந்துச்சு, இன்னொரு போட் குறுக்க வெட்டுனதும் ரெண்டும் முங்கிருச்சு, ரொம்ப தூரத்துல போயி மேல வந்துச்சு, உடனே மூனு போட் அங்கயும் ஃபுல் ஸ்பீட்ல. இப்பிடி காலை முழுக்க ஓடுனா ரெஸ்ட் எங்க, பால் குடிக்க நேரம் எங்க? அவுஸ்திரேலியால ஷார்க் பேங்கற குடாவுல டொல்பின் காட்டுற டூர் கம்பெனி ஒன்னு ரெண்டானப்போ அந்தப் பகுதில டொல்பின் எண்ணிக்கை நூத்துக்கு 15 அளவுல கொறஞ்சதா 2006ல ஆய்வு வந்துச்சு, அத்தனைக்கும் அங்க கட்டுப்பாடு எல்லாம் இருக்கு. நம்ம ஹோட்டன் சமவெளில மரை வண்டி வண்டியா பிஸ்கட் கேட்டு வருதே, அதையும் பழகிருச்சுன்னு சந்தோஷமாத்தான் போட்டோ எடுக்குறோம்.

இன்னொன்னு, போட்காரர மட்டும் திட்டாதீங்க. "அண்ணே இன்னும் கிட்ட போங்க"ன்னு காசு நீட்டுறது நாமதான். ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க அக்கா, வெரட்ட வேணாம், கூட்டத்துக்கு நடுவுல போக வேணாம், பக்கவாட்டுல தள்ளி அது போற திசையிலயே மெதுவா போங்கன்னு. ஏற்கனவே நாலஞ்சு போட் நின்னா தூரமா நில்லுங்க.

ஹட்டன் அம்மா:
ரொம்ப நன்றி. இப்பத்தான் போட்காரருக்கு கோல் எடுத்து அப்பிடியே சொன்னேன். "வெரட்டாம போனா எனக்கு எண்ணெய் மிச்சம்தானம்மா, ஆனா கிட்ட காட்டலன்னு அப்புறம் சண்டை போடாதீங்க"ன்னாரு. வேன்ல வர்ற மத்த மூனு வீட்டுக்கும் இன்னைக்கு ராத்திரியே போயி சொல்லணும்.