திருப்பூரில் வெளிமாநிலக் குடும்பத்துக்கு வாடகை வீடு பிடிப்பது எப்படி?

கேள்வி: ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வரும் குடும்பங்களுக்கு “இந்திக்காரங்களுக்கு வீடு இல்லை” என்ற பதில்தான் கிடைக்கிறது. சென்னைக்குப் போனால் நிலைமை மாறுமா?

பதில் 1: சென்னையிலும் மறுப்பாங்க, சாதி, சாப்பாடு, மதம் எல்லாம் விசாரிப்பாங்க. ஆனால் அங்கே அடுத்த தெருவில் முயற்சி செய்யலாம். சின்ன ஊரில் “யாரோட ஆளு?” என்பதே முதல் கேள்வி. அதனால் கூடவே வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிப் போங்க. வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் தரும் ரூம் மட்டும் வேண்டாம்: வேலை போனால் அன்றைக்கே தங்குமிடமும் போகும்.

பதில் 2: வாய்ப்பேச்சில் குடியேறாதீங்க. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதைப் பதியவும் வேண்டும். அட்வான்ஸ் 3 மாத வாடகைதான். ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிவிட்டால் அதுவே செல்லும், ஆகவே கையெழுத்துக்கு முன் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். லைன் வீடுகளில் சண்டை கிளம்புவது கரண்ட் பில்லில்தான். குடியேறும் நாளிலேயே சப்-மீட்டர் ரீடிங்கை ஓனர் முன்னால் போட்டோ எடுங்க, யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதுங்க.

பதில் 3: முகவரிச் சான்று வரும்வரை 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், அடையாள அட்டை போதும். ஒடிசா ரேஷன் கார்டிலேயே இங்கே அரிசி வாங்கலாம். ஆதார் இணைப்பு இல்லாவிட்டால் கைரேகை ஏறாது, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சரிபார்க்கணும்.

தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய் வீடியோக்களை நம்பிப் பல தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறினாங்க. அவங்க மொழியிலேயே உண்மையைச் சொல்ல ஆள் இருக்கும் கம்பெனிகளில்தான் பதற்றம் அடங்கும். இதை ஓனர்கள் இன்னும் அலட்சியப்படுத்துவது பெரிய தப்பு.