நாயைப் பார்த்தா மனசு கெடுது, அப்ப டூருக்கு எங்கதான் போறது?

வைகைக்கரை, மதுரை:

சிரிக்காம படிங்க. டூர் போனா எங்க வீட்டுக்காரர் கோயில் பார்ப்பார், கடல் பார்ப்பார். என் கண்ணு நேரா தெருநாய் மேலதான் போகும். போயிடுச்சுன்னா அன்னிக்குப் பொழுது அவ்வளவுதான்.

கடைசியா ராமேஸ்வரம் போனோம். தனுஷ்கோடியில இடிஞ்ச சர்ச் பக்கத்துல மீன் வறுத்துக் குடுக்கிற கடைங்க இருக்குல்ல, அங்க ஒரு தாய் நாய். பால் குடுத்துக் குடுத்து மடி தொங்கிப்போச்சு, இடுப்பெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. போட்ட மீனை மோந்துகூடப் பார்க்கல. தண்ணிதான் தேடுது. அங்க மனுஷங்களே மணல்ல ஊத்து தோண்டித்தான் நல்ல தண்ணி எடுக்கிறாங்க, இதுக்கு யாரு தோண்டிக் குடுப்பா? ஒரு சிரட்டை கிடைச்சுது. ஊத்த ஊத்தக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பாட்டிலே காலி. அவர் பிள்ளைங்களோட அரிச்சல்முனை போய்ட்டுத் திரும்பினப்பவும் நான் அங்கயேதான் குத்தவச்சிருந்தேன். மதுரை வர்ற வரைக்கும் வண்டியில யாரும் பேசல.

முழுப் பரீட்சை லீவு வருது. நாயே இல்லாத ஊரா பார்த்துப் போலாம்கிறார். அப்படி ஊர் இருக்கா? போனவங்க சொல்லுங்க. ‘இதெல்லாம் கண்டுக்காதீங்க’ங்கிற அறிவுரை மட்டும் வேண்டாம், அது மாமியார்கிட்ட நிறையவே கிடைக்குது.

ஊர்சுத்தி, சென்னை:

இருக்கே, லட்சத்தீவு. நாய் கொண்டுபோகவே அனுமதி கிடையாது. வெறிநோயும் இல்லாத இடம். கொச்சியிலிருந்து கப்பல், முன்கூட்டியே பெர்மிட் வாங்கணும்.

ஆனா பூனை இருக்கு. நல்லாவே இருக்கு. சாயங்காலம் படகு வந்து சூரை மீனை வெட்ட ஆரம்பிச்சா, கத்திக்கு ரெண்டு முழம் தள்ளி வரிசையா வந்து உட்காரும். தலையும் குடலும் வந்து விழும், சண்டையே இல்லாம சாப்பிடும். ‘அப்பாடா, இதுங்களுக்குக் குறையில்ல’ன்னு என் மனைவி சொன்னா. பக்கத்துல நின்ன மீனவர், “மழைக்காலத்துல வந்து பாருங்க, படகே இறங்காது”ன்னார். அதோட அவ நிம்மதி போச்சு.

மாலத்தீவுலயும் நாய் கிடையாது, சட்டத்துலயே தடை. பூனை அங்கயும் உண்டு.

நொய்யல், கோவை:

கோவா எங்களுக்கு ரெண்டு விதமாவும் அமைஞ்சதுங்க. ஜனவரியில போனப்ப கடற்கரை நாய் ஒவ்வொண்ணும் ஒரு குடிசைக் கடைக்குச் சொந்தம். பேர் வெச்சுக் கூப்பிடறாங்க, வெள்ளைக்காரங்க கட்டில்ல ஏறிப் படுத்துக்குது. சிலதுக்கு உடம்புல பெயின்ட்ல ஒரு கோடு இழுத்திருந்தது. விசாரிச்சா, வெறிநாய் ஊசி போட்டாச்சுங்கறதுக்கு அடையாளமாம். 2014-லிருந்து ஊர் ஊரா வலை வீசிப் பிடிச்சு ஊசி போட்டு, அங்கயே விட்டுடறாங்க. 2018, 2019 ரெண்டு வருஷமும் அந்த மாநிலத்துல வெறிநோயால ஒரு ஆள்கூடச் சாகலைங்க. வருஷா வருஷம் நம்ம நாட்டுல எத்தனை பேர் போறாங்கன்னு யோசிச்சா இது சின்ன விஷயமில்லை.

அப்பறம் ரூம் வாடகை கம்மின்னு ஒரு ஜூலையில போனோமுங்க. மழைக்கு முன்னாடியே கடையெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிடறாங்க. கல்லாப்பெட்டி போச்சு, அடுப்பு போச்சு, நாய் மட்டும் அதே இடத்துல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்குது. நாங்க நடந்தா கரை நீளத்துக்கும் பின்னாலயே வருது. உள்ளூர்க்காரர் ஒருத்தர் ஸ்கூட்டர்ல வாளி நிறையச் சோறு கொண்டுவந்து அங்கங்க வெச்சுட்டுப் போனார். அவர் வரலைன்னா என்னாகும்னு கேக்கலைங்க, கேட்டாத் தூக்கம் வராது. அதனால எந்த ஊருங்கறதவிட எந்த மாசம்னு பாருங்க. சீசன் முடிஞ்ச சுற்றுலாத் தலத்துக்கு மட்டும் போயிடாதீங்க.

பனங்காய், யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் வந்தால் நாய் மட்டுமில்லை, குதிரையும் இருக்கு. நெடுந்தீவு. குறிகட்டுவானிலை இருந்து படகு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலை வந்த குதிரையளின்ரை வழித்தோன்றல் எண்டு சொல்லுவினம், இப்ப ஆருமே கட்டி வளர்க்கிறேல்லை. வெட்டவெளியிலை கூட்டமாய்த் திரியும். மழை பெய்த கையோடை போனால் புல்லும் தண்ணியும் நிறைய, குட்டியளோடை நிக்கிறதைப் பார்க்க ஆசையாய் இருக்கும். கோடையிலை குளங்கள் வத்திப் போனால் கதை வேறை. நாங்கள் ஓகஸ்டிலை போனனாங்கள். வெடிச்சுக் கிடந்த குளத்துச் சேத்திலை ஒரு குதிரை வாயை வைச்சு உறிஞ்சிக்கொண்டு நிண்டது. என்ரை மகள் படகு ஏறுமட்டும் அழுதவள். ஊர்ச்சனம் தொட்டி கட்டித் தண்ணி விடுகினம், தங்களுக்கே தட்டுப்பாடு எண்டாலும்.

நாயைப் பற்றிக் கேட்டால், 2006-க்குப் பிறகு இலங்கையிலை தெருநாயைப் பிடிச்சுக் கொல்லுறதில்லை எண்டதுதான் அரசாங்கத்தின்ரை கொள்கை. கருத்தடை எல்லா இடமும் ஒரே மாதிரி நடக்கேல்லை. பஸ் நிலையம், மீன் சந்தைப் பக்கம் வந்தால் உங்களுக்கு மனம் கஷ்டப்படும், முதலே சொல்லிப்போட்டன். மாசி, பங்குனிக்குள்ளை வாங்கோ.

பிட்டும் பைட்டும், பெங்களூரு:

நாயே கண்ணுல படாத ஊர்னு தேடுறீங்க. சரி, அந்த நாயெல்லாம் எங்க போச்சுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

2019-ல் கம்பெனி வேலையா துருக்கியில இருக்கிற இஸ்தான்புல் போயிருந்தேன். பிராணிப் பிரியருக்கு அப்போ அதைவிட நல்ல ஊர் கிடையாது. துணிக்கடையில விலை போட்ட சால்வை மேலயே பூனை தூங்குது, கடைக்காரர் எழுப்ப மாட்டேங்கிறார். வேற சால்வை எடுத்துக் காட்டுறார். கடிக்கோய் பக்கம் தோம்பிலின்னு ஒரு குண்டுப் பூனை இருந்து செத்துப்போச்சு, அதுக்கு 2016-ல் வெண்கலச் சிலை வச்சிருக்காங்க, நடைபாதைப் படியில முழங்கையை ஊனிக்கிட்டு அது சாய்ஞ்சிருந்த அதே தோரணையில. தெருநாய்க்குக் காதுல ஒரு பிளாஸ்டிக் வில்லை, ஊசி போட்டாச்சுன்னு அர்த்தம். டிராம் நிறுத்தத்துல குறுக்கே படுத்திருக்கும், ஜனங்க சுத்திப் போவாங்க.

2024 ஜூலை கடைசியில அந்த நாட்டு நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. தெருநாயெல்லாம் காப்பகத்துக்குப் போகணும், நோய் முத்தினதையும் மூர்க்கமானதையும் கொல்லலாம். இருக்கிற காப்பகத்துல பத்துல ஒரு பங்குகூட அடையாதுன்னு ஜனங்க தெருவுல இறங்கினாங்க. அவங்க பயத்துக்குக் காரணம் இருக்கு. 1910-ல் இதே ஊரைச் சுத்தமாக்கறோம்னு ஆயிரக்கணக்கான நாயைப் பிடிச்சு, தண்ணியே இல்லாத ஒரு பாறைத் தீவுல கொண்டுபோய்க் கொட்டினாங்க. பட்டினியில ஒண்ணையொண்ணு தின்னு செத்துது.

அதனால தெருவுல நாய் இல்லாததை நான் ஒரு தகுதியா எடுத்துக்கறதில்ல. இருக்கிற நாய் மனுஷனைக் கண்டா ஓடுதா, பக்கத்துல வருதான்னு பார்ப்பேன். கால் தரையில தட்டின சத்தத்துக்கே பம்முற நாய் உள்ள ஊர்ல ஓட்டல் எவ்வளவு நல்லா இருந்தாலும் எனக்கு ஒட்டாது.

சிராங்கூன், சிங்கப்பூர்:

இங்க வாங்க. அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற பூனைங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு வைக்க ஆள் உண்டு, காது நுனி வெட்டியிருக்கும், அதாவது கருத்தடை ஆனது. வீடமைப்புக் கழக வீட்டுல பூனை வளர்க்கவே 2024 செப்டம்பர் வரைக்கும் தடை இருந்துச்சு, நம்புவீங்களா? தெருநாய் நகருக்குள்ள அபூர்வம். செலவுதான் கடிக்கும்.

பொதிகைக் கால்நடை டாக்டர், திருநெல்வேலி:

மேலே பெங்களூர்த் தம்பி சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. ஒரு ஊருக்குப் போய் இறங்கினதும் நாயோட காதைப் பாருங்க. நுனியில சின்ன வெட்டு இருந்தா கருத்தடை ஆகி, ஊசி போட்டு, பிடிச்ச தெருவுலயே திரும்ப விட்ட நாய். பத்து நாய் பார்த்து ஏழெட்டுக்கு வெட்டு இருந்தா அந்த ஊர்ல யாரோ மெனக்கெட்டு வேலை செய்யுதாவன்னு அர்த்தம். தனுஷ்கோடியில நீங்க பார்த்தது மாதிரி வருஷத்துக்கு ரெண்டு ஈத்து ஈன்று ஓடா தேஞ்ச தாய் நாய் அங்க அதிகம் இருக்காது. நம்ம நாட்டு விதியும் அதுதான், 2023-ல் திருத்தி எழுதினாங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலைய நாய்களை மட்டும் பிடிச்சா திரும்ப விடக்கூடாதுன்னு 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. அந்த நாய்களைக் கொண்டுபோய் வைக்க இடம் எங்கேன்னு எங்க ஆட்கள் தலையைச் சொறியுதாவ.

சோறு போடுறவங்க கவனத்துக்கு. மலைப் பாதையில வண்டியை நிறுத்தி பிஸ்கட் போடாதீங்க, நாய்க்கும் சரி, குரங்குக்கும் சரி. அடுத்த வண்டிச் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடிவரும், அந்த டிரைவர் நிறுத்த மாட்டான். அதே மாதிரி, பாசமாப் பின்னால வருதேன்னு ரெண்டு கிலோமீட்டர் கூட்டிக்கிட்டே நடக்காதீங்க. அதோட எல்லையைத் தாண்டினதும் அடுத்த தெரு நாய்க்கூட்டம் புடுங்கி எடுத்திடும். திரும்பிப் போற வழியில அது தனி ஆளு, பார்த்துக்கிடுங்க. தண்ணி வையுங்க, அதுல எந்தக் கெடுதலும் கிடையாது.

குழந்தைகளோட போறீங்க, நாயைத் தொடுவீங்கன்னும் தெரியுது. கடியோ கீறலோ பட்டா ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள் தடவக் கூடாது, அன்னைக்கே ஊசி. முன்கூட்டியே போட்டுக்கிடுற தடுப்பூசியும் இருக்கு. அதைப் போட்டவங்களுக்குக் கடிபட்டா அன்னைக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு, ரெண்டே ஊசி, காயத்துல போடுற இம்யூனோகுளோபுலின் வேண்டாம். சின்ன ஊர்கள்ல அந்த மருந்துதான் கிடைக்காம ஆளை அலைக்கழிக்கும்.

அருணை, திருவண்ணாமலை:

எங்க ஊரை யாருமே சொல்லலையே! ரமணாசிரமத்துல பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கு, பக்கத்துலயே மான், காக்கா, ஜாக்கிங்கிற நாய் எல்லாத்துக்கும் இருக்கு. கிரிவலப் பாதையில நாய் நிறைய. பௌர்ணமிக்கு வராதீங்க, கூட்டத்துல மிதிபட்டுக் கத்துறது கேட்டா உங்களால தாங்க முடியாது. மத்த நாள்ல விடியக்காலம் நடங்க, டாக்டர் சொன்னபடி எதையும் கூட்டிக்கிட்டு 14 கிலோமீட்டரும் சுத்தாதீங்க.

அமராவதி, தாராபுரம்:

பூட்டானுக்குப் போங்க. 2009-ல் ஆரம்பிச்சு, 2023 அக்டோபர்ல தெருநாய் மொத்தத்துக்கும் கருத்தடையும் ஊசியும் முடிச்சாச்சுன்னு அறிவிச்ச நாடு. வேற எந்த நாடும் அதுவரை இதைச் செய்யல.

நாய் இல்லாத ஊர்னு நினைச்சுக்காதீங்க, திம்பு மணிக்கூண்டுச் சதுக்கம் முழுக்க நாய்தான். ஒவ்வொண்ணுக்கும் கரடி மாதிரி ரோமம். காலையில ஸ்தூபியைச் சுத்த வர்ற கிழவிங்க ஜெபமாலையை ஒரு கையில உருட்டிக்கிட்டே இன்னொரு கையால பையிலிருந்து சோத்து உருண்டையை எடுத்துப் போடுறாங்க, நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காம. சொறி பிடிச்சதும் கால் ஒடிஞ்சதும் கண்ணுல பட்டுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா குட்டியோட அலையுற எலும்புந்தோலுமான தாய் நாயை நான் பார்க்கல. எங்க வீட்டம்மாவும் உங்க ரகம்தான். மூணாவது நாள் நாயை விட்டுட்டு மலையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க, கல்யாணமான காலத்துலயிருந்து அது எனக்குப் புதுசு.

குறை ஒண்ணு, ராத்திரி. பகலெல்லாம் தூங்கிட்டு பதினோரு மணிக்கு மேல கச்சேரி. நல்ல ஓட்டல்லயே காதுல வச்சுக்கப் பஞ்சு குடுக்கிறாங்க.

வைகைக்கரை, மதுரை:

எல்லாருக்கும் நன்றிங்க. யாழ்ப்பாணம் அக்கா, நெடுந்தீவை அடுத்த வருஷம் மாசிக்கு எழுதி வச்சாச்சு. பூட்டான்னதும் அவர் முகம் மலர்ந்துச்சு, ராத்திரிக் கச்சேரியைப் பத்தி நான் வாயே திறக்கல, நீங்களும் திறக்காதீங்க. டாக்டர் சார், நாலு பேருக்கும் முன்கூட்டியே ஊசி போட எத்தனை நாள் முன்னாடி ஆரம்பிக்கணும்? அமராவதி சார், பாஸ்போர்ட் எனக்கும் அவருக்கும்தான் இருக்கு, பிள்ளைங்களுக்கு இல்ல. விடுவாங்களா?

அமராவதி, தாராபுரம்:

விடுவாங்க. பிள்ளைங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் அசலை எடுத்துக்கங்க. இந்தியருக்கு ஒரு ராத்திரிக்கு 1200 ரூபாய் வரி, சின்னப் பிள்ளைங்களுக்குக் குறைவு. ரயில்ல போனா மேற்கு வங்கத்துல ஹாசிமாராவுல இறங்கி, பூட்டான் எல்லை ஊரான பூன்ட்ஷோலிங் வழியா ஏறலாம். ஏப்ரல், மே நல்ல பருவம், ஜூன் தாண்டினா மழை.

பொதிகைக் கால்நடை டாக்டர், திருநெல்வேலி:

ஒரு மாசம் கையில வச்சுக்கிட்டு உங்க குடும்ப டாக்டரைப் பாருங்க. நான் மாட்டுக்கும் நாய்க்கும்தான் போடுவேன்.