பயணத் தடை போட்டால் ஆட்கள் வருவது நிஜமாகவே நிற்கிறதா?

வழிப்போக்கன்:
2025 ஜூனில் அமெரிக்கா 12 நாட்டுக்காரர்களுக்கு முழுத் தடையும் 7 நாட்டுக்காரர்களுக்குப் பகுதித் தடையும் போட்டது, டிசம்பரில் பட்டியலை இன்னும் நீட்டிவிட்டார்கள். இதைப் பற்றிப் பேசப்போய் நண்பரோடு வாக்குவாதமே வந்துவிட்டது. "வராதே என்றால் வரமாட்டான், அவ்வளவுதான்" என்கிறார். அப்படித்தானா, இல்லை வேறு வழி தேடுவார்களா? அப்புறம், தடை வாங்கிய நாடு பதிலுக்கு என்னதான் செய்ய முடியும்?

கடைசி வரிசை:
இதில் அடிபடுவது முறையாக விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, கைரேகை கொடுத்துக் காத்திருக்கிற ஆள்தான். எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடக்கிறவன் விசாவே கேட்பதில்லையே.

ஏமனை எடுத்துக்கொள்ளுங்கள். சனாவில் இருந்த அமெரிக்கத் தூதரகம் 2015-லேயே மூடிவிட்டது, அதனால் நேர்காணலுக்காகப் பல குடும்பங்கள் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் இருக்கிற ஜிபூட்டி நாட்டுக்குப் போய் வாடகை வீட்டில் உட்கார்ந்திருந்தன. டிரம்ப் முதல் முறை அதிபரானபோது, 2017-ல், இதே மாதிரி தடை வந்ததும் அப்பா அமெரிக்கக் குடிமகன், பிள்ளைக்கு விசா இல்லை என்ற நிலை, திரும்பிப் போகலாம் என்றால் ஊரில் போர். குலுக்கல் விசா (ஆண்டுதோறும் குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்குக் குடியேறத் தருவது) இன்னும் மோசம். செப்டம்பர் 30-க்குள் விசா கைக்கு வரவில்லையென்றால் அந்த ஆண்டு விழுந்த அதிர்ஷ்டம் அத்தோடு போச்சு, பிறகு தடையை எடுத்தாலும் திரும்ப வராது.

வேறு வழி கேட்டீர்கள். காசிருந்தால் உண்டு. 2025 ஜூன் ஆணைப்படி, இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தடையில் இல்லாத நாட்டுப் பாஸ்போர்ட்டில் வந்தால் தடை கிடையாது. முதலீடு போட்டால் குடியுரிமை தருகிற நாடுகள் இருக்கின்றன, அங்கே வசிக்கக்கூட வேண்டாம். டிசம்பரில் கரீபியன் தீவு நாடுகளான ஆன்டிகுவா பார்புடாவையும் டொமினிகாவையும் பகுதித் தடையில் சேர்த்ததற்கு இதையே காரணமாகச் சொன்னார்கள்.

கறார்ப் பேர்வழி:
யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டு விருப்பம். 2017 தடை வழக்கில் 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 5-க்கு 4 என்று அதிபர் பக்கம் சொல்லிவிட்டது. ஆப்பிரிக்க நாடான சாட்டிலிருந்து சுற்றுலா, வணிக விசாவில் போனவர்களில் 49.54 சதவீதம் பேர் கெடு தாண்டித் தங்கிவிட்டார்கள் என்று 2025 ஆணையிலேயே இருக்கிறது. பாதிப் பேர்! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடைசி வரிசை:
சதவீதம் சரி, தலை எவ்வளவு? சாட்டிலிருந்து போகிறவர்களே கொஞ்சம் பேர்தான்.

பழைய தூதர்:
(பெயர்தான் தூதர், செய்தித்தாள் படிப்பதோடு சரி.)

சாட் கதை தனி. போகோ ஹராம் தீவிரவாதக் குழுவுக்கு எதிராக அமெரிக்காவோடு கூடவே நின்று சண்டை போட்ட நாடு அது, 2017 செப்டம்பரில் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். அமெரிக்கா கேட்ட மாதிரிப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கத் தாள்கூடச் சாட்டிடம் கையிருப்பில் இல்லை, அதனால்தான் சேர்த்தார்கள் என்று அப்போது செய்தி அடிபட்டது. கொஞ்ச நாளிலேயே நைஜரில் இருந்த தன் படையைச் சாட் திரும்பப் பெற்றது. தடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் 2018 ஏப்ரலில் பெயரை எடுத்துவிட்டார்கள். 2025-ல் மறுபடி சேர்த்ததும் அதிபர் டெபி அமெரிக்கர்களுக்கு விசா தருவதை நிறுத்தினார். கொடுக்க எங்களிடம் விமானமும் இல்லை, பணமும் இல்லை, மானம் இருக்கிறது என்கிற மாதிரி பேசினார். அந்த டிசம்பரில் மாலியும் புர்கினா ஃபாசோவும் அதையே செய்தன.

ஈராக் வேறு ரகம். 2017 ஜனவரித் தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது. பதிலடி கொடுக்கச் சொல்லி ஈராக் நாடாளுமன்றம் வாக்களித்தது, பிரதமர் அபாடி மறுத்துவிட்டார். மோசுல் நகரில் ஐ.எஸ். தீவிரவாதிகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது, அமெரிக்கப் படையின் உதவி அவருக்குத் தேவை, அவருடைய படை அமெரிக்காவுக்கும் தேவை. மார்ச்சில் வந்த புதிய ஆணையில் ஈராக் பெயரே இல்லை. சத்தம் போட்ட ஈரான் பட்டியலிலேயே இருந்தது.

வழிப்போக்கன்:
இதையெல்லாம் நண்பரிடம் படித்துக் காட்டினேன், அசையவே இல்லை. ஆனால் அவர் கால்பந்துப் பைத்தியம். 1974-க்கு அப்புறம் முதல் முறையாக ஹெய்ட்டி, அமெரிக்காவும் சேர்ந்து நடத்துகிற 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, அந்த நாடும் தடைப் பட்டியலில் இருக்கிறது, வீரர்களுக்கு விலக்கு உண்டு, ஹெய்ட்டியிலிருந்து விசா கேட்கிற ரசிகனுக்குக் கிடையாது என்றேன். "அது அநியாயம்" என்கிறார் இப்போது.