புதுப்பிப்பு: பெங்களூரில் தமிழ்ப் பூசை

யாழ்ப்பாணத்திலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்திருக்கிறேன், தமிழ்ப் பூசை (கத்தோலிக்கத் திருப்பலி) எங்கே நடக்கும், இங்கே பழக்கம் விட்டுப்போகுமோ என்று ஜூலையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் சொன்ன சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்துக்குத்தான் போகிறேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு.

செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் திருநாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு, இலங்கையில் மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் திருவிழா என்றால் ஆகஸ்ட் 15, காடு, கூடாரம், கூட்டுச் சமையல். இங்கேயோ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நடுநகரத்தில் இத்தனை சனம்! வேளாங்கண்ணிக்குப் போகிற மாதிரி காவி உடுத்தி வருகிறார்கள். மாதாவுக்குச் சேலை சாத்தியிருக்கிறார்கள். என் அறைத்தோழன் மண்டியாக்காரன், இந்து. சும்மா கூட வந்தவன், என்னுடையதைவிடப் பெரிய மெழுகுவர்த்தியாக வாங்கி, அம்மாவின் மூட்டுவலிக்காக வேண்டிக்கொண்டான். தேர் திரும்பும்வரை நகர மாட்டேன் என்று நின்றதும் அவன்தான். எனக்குக் கால் கடுத்துவிட்டது.

ஊரில் ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் மத்தியானத்துக்குள் மாமி வீட்டுக்கே வந்து காரணம் கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை. எழுந்து போவதும் போர்த்திப் படுப்பதும் என் முடிவு. இதுவரை போகிறேன். யாருக்காகவும் இல்லாமல் போவது புதுசாக இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

அப்புறம், பாடகர் குழுவில் சேரச் சொன்ன அக்காவுக்கு: சனிக்கிழமை மாலை லேப் இருக்கிறது. செமஸ்டர் முடியட்டும், பார்க்கலாம்.